கேடயத்தில் எழுதிய வாக்கு: ஆயரின் இலச்சினையும் கொங்கு மண்ணும்



கொங்கு நாட்டின் சமய, பண்பாட்டு வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் நெறி. நான் எடுத்துக்கொண்டது நாம் அடிக்கடி பார்த்தும் நின்று வாசிக்காத ஒன்று: கத்தோலிக்க ஆயரின் இலச்சினை. திருநிலைப்பாட்டு விழா அழைப்பிதழின் முகப்பில் அது இருக்கிறது. பங்குகளுக்கு வரும் சுற்றுமடலின் தலைப்பில் இருக்கிறது. பேராலயத்தில் ஆயரின் இருக்கைக்கு மேலும், பள்ளிக் கட்டடங்களின் திறப்புவிழாக் கல்வெட்டிலும் இருக்கிறது. ஒரு கேடயம், அதன்மேல் பச்சைத் தொப்பி, இருபுறமும் தொங்கும் குஞ்சங்கள், கீழே விருதுவாக்கு எனப்படும் ஒரு வாசகம். பலருக்கு அது பதவியின் அலங்காரம். என் கருத்து வேறு. அந்தக் கேடயம், ஒருவர் ஆயராகப் பொறுப்பேற்கும் நாளில் மக்கள் முன் எழுதிக்கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கை வாசிக்கவும் நினைவூட்டவும் மக்களுக்கு உரிமை உண்டு. இதை நிறுவுவதே இந்த உரையின் நோக்கம்.

1. உருவம் கேட்கும் கேள்வி

கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு ஒரு புதையல் கிடைத்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள். அகஸ்துஸ், திபேரியு பேரரசர்களின் முகம் பொறித்தவை அவற்றில் மிகுதி. நற்செய்தியில் இயேசுவிடம் வரி பற்றிக் கேட்டுச் சிக்கவைக்கப் பார்க்கிறார்கள் அல்லவா? அவர் ஒரு காசைக் காட்டச் சொல்லி, இதில் உள்ள உருவம் யாருடையது என்று திருப்பிக் கேட்கிறார். அந்தக் காசு திபேரியுவின் வெள்ளிக் காசாக இருக்கும் என்பதே அறிஞர்கள் பலரின் கருத்து. பாலைக்காட்டுக் கணவாய் வழியாக வணிகம் செய்த காலத்தில் அதே வகைக் காசு நொய்யல் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பொறிக்கப்பட்ட எந்தச் சின்னத்தையும் பார்த்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். இது யாருடையது? யாருக்குக் கட்டுப்பட்டது? பேரரசன் முகம் இருந்தால் காசு அவனுக்கு உரியது. ஆயரின் கேடயத்தில் அவருடைய முகம் ஒருபோதும் இருப்பதில்லை. அங்கே நட்சத்திரமும் நூலும் ஆறும் மலரும் இருக்கும். தம் முகத்தை விலக்கிவிட்டு எவற்றுக்குத் தாம் கட்டுப்பட்டவர் என்பதையே ஆயர் வரைந்து வைக்கிறார்.

2. வாசிக்கும் முறை

இலச்சினையை இரண்டு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேடயத்துக்கு வெளியே இருப்பவை பதவியைச் சொல்லும். கேடயத்துக்கு உள்ளே இருப்பவை ஆளைச் சொல்லும்.

வெளியே முதலில் தெரிவது அகன்ற விளிம்புத் தொப்பி. வெயிலுக்கும் மழைக்கும் பயணிகள் அணிந்த தொப்பியிலிருந்து வளர்ந்தது இது. 1245இல் லியோன் சங்கத்தின்போது திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பியை வழங்கினார். ஆயர்களுக்குப் பச்சை நிறம் பின்னர் நிலைத்தது. குஞ்சங்களின் எண்ணிக்கை பதவிப் படியைக் காட்டும். ஆயருக்குப் பக்கத்துக்கு ஆறு, ஒன்று இரண்டு மூன்று என்ற அடுக்கில், மொத்தம் 12. பேராயருக்குப் பக்கத்துக்குப் பத்து, மொத்தம் 20. கர்தினாலுக்குப் பக்கத்துக்குப் பதினைந்து, மொத்தம் 30, அதுவும் சிவப்பில். பன்னிரண்டைப் பார்த்ததும் பன்னிரு திருத்தூதரை நினைத்துக்கொள்ளத் தோன்றும். பக்திக்கு அது நல்ல நினைவுதான். வரலாற்றில் அது படிநிலையின் கணக்கு. கேடயத்துக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் சிலுவைக்கு ஒரு குறுக்குச் சட்டம் இருந்தால் ஆயர், இரண்டு இருந்தால் பேராயர்.

அடுத்து வலம், இடம். கேடயத்தை ஏந்தி நிற்பவரின் வலமே வலம். பார்க்கும் நமக்கு இடப்பக்கமாகத் தெரிவது அவருக்கு வலப்பக்கம், அதுவே மதிப்புக்குரிய பக்கம். ஐரோப்பியருக்கே குழப்பம் தரும் இந்த விதி நமக்கு எளிது. கோயிலில் மூலவரின் வலப்புறம், இடப்புறம் என்று சொல்லும்போது சன்னதியில் நிற்பவரின் கையைக் கொண்டா நாம் கணக்கிடுகிறோம்?

நிறங்களுக்கும் நெறி உண்டு. பொன், வெள்ளி இரண்டும் உலோகம். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா ஆகியவை வண்ணம். உலோகத்தின்மேல் உலோகத்தையும், வண்ணத்தின்மேல் வண்ணத்தையும் வைப்பதில்லை. 12ஆம் நூற்றாண்டுப் போர்க்களத்தில், முகம் மறைத்த வீரனைத் தொலைவிலிருந்தே அடையாளம் காண வேண்டியிருந்ததால் பிறந்த விதி இது. திருஅவை போர்க்களத்தை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எடுத்துக்கொண்டது.

இன்னொன்று மிக முக்கியம். இலச்சினையின் மூலம் ஓவியத்தில் இல்லை, சொற்களில் இருக்கிறது. நீலப் பரப்பில் இன்ன இடத்தில் எட்டுமுனைப் பொன் நட்சத்திரம் என்று எழுதப்பட்ட வருணனையே அதிகாரபூர்வமானது. தியான சுலோகத்தை வைத்துக்கொண்டு வெவ்வேறு சிற்பிகள் வெவ்வேறு அழகில் திருமேனி செய்வதில்லையா? அப்படியே வருணனைக்குப் பொருந்தி வரும் ஓவியம் எதுவும் செல்லும். ஆகவே இலச்சினை முதலில் ஒரு வாசகம், அதற்குப் பிறகுதான் படம்.

3. சோழர் முத்திரையும் ஆயர் கேடயமும்

இந்த அமைப்பு நமக்கு அயலானது என்று யாரும் எண்ண வேண்டாம். முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையைப் பாருங்கள். நடுவில் அமர்ந்திருக்கும் புலி. அருகில் இரண்டு மீன்கள். கூடவே ஒரு வில். மேலே வெண்கொற்றக் குடை, இருபுறமும் கவரிகள். சுற்றிலும் வட்டமாக ஓடும் எழுத்து. குடையும் கவரியும் அரச பதவியைச் சொல்கின்றன. புலி குலத்தைச் சொல்கிறது. சுற்றெழுத்து ஆணையின் வலிமையைச் சொல்கிறது. ஆயரின் இலச்சினையில் தொப்பியும் குஞ்சமும் முதல் வேலையைச் செய்கின்றன, கேடயத்தின் உருவங்கள் இரண்டாவதை, விருதுவாக்கு மூன்றாவதை. இரண்டு மரபுகளும் ஒன்றையொன்று அறியாமலே இந்த மூன்றடுக்கை வந்தடைந்திருக்கின்றன.

ஆனால் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கொங்கு நாட்டார் அதை மற்றவர்களைவிடக் கூர்மையாக உணர முடியும். சோழ முத்திரையில் மீன் எதற்கு, வில் எதற்கு? பாண்டியனும் சேரனும் அடங்கிவிட்டார்கள் என்று காட்டுவதற்கு. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் காசுகளில் தனிப் பெருமையோடு விளங்கிய அதே வில், சோழ முத்திரையில் புலிக்கு அருகே வென்ற பொருளாகக் கிடக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ஆதித்தன் காலம் தொட்டுச் சோழர் ஆட்சியைக் கண்ட மண் இது. அடுத்தவரின் சின்னத்தை எடுத்துத் தன் முத்திரையில் வைப்பது என்றால் என்ன என்று இந்த மண்ணுக்குத் தெரியும்.

ஆயரும் தமக்குச் சொந்தமில்லாத சின்னங்களைத் தம் கேடயத்தில் வைக்கிறார். தாம் பணியாற்றப் போகும் நிலத்தின் ஆற்றை, மலையை, அங்கே விளையும் பயிரை வைக்கிறார். அரசன் வைத்தது வெற்றியின் கணக்கு. ஆயர் வைப்பது பொறுப்பின் கணக்காக இருக்க வேண்டும். இருக்கிறதா என்பதை வைத்தே எந்த ஆயரின் இலச்சினையையும் நாம் மதிப்பிட வேண்டும்.

4. மூன்று கேடயங்கள்

உலகறிந்த மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். மூன்றும் திருத்தந்தையரின் இலச்சினைகளாகப் புகழ்பெற்றவை. ஆனால் அவர்கள் ஆயராகவோ பேராயராகவோ இருந்தபோது தேர்ந்துகொண்டவற்றையே உரோமைக்கும் எடுத்துச் சென்றார்கள்.

கரோல் வொய்த்திவா 1958இல் போலந்தின் கிராக்கோவ் நகரில் துணை ஆயரானார். அவருடைய கேடயத்தில் இருப்பவை இரண்டே: ஒரு பக்கமாகத் தள்ளி வைத்த சிலுவை, அதன் கீழ் மரியாவின் பெயரைக் குறிக்கும் ஒற்றை எழுத்து. எழுத்தைக் கேடயத்தில் இடுவது இலச்சினைக் கலைக்கு ஒவ்வாதது என்று வல்லுநர்கள் கருதினார்கள். அவர் மாற்றவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோல்வே வேதிப்பொருள் ஆலையில் கூலியாளாக வேலை செய்தபோது புனித லூயி தெ மோன்ஃபோர் எழுதிய மரியன்னை பக்தி நூலைப் படித்தவர் அவர். முழுவதும் உமக்கே உரியவன் என்று பொருள்படும் அவருடைய விருதுவாக்கு அந்த ஆலை நாள்களின் விளைச்சல். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலாக 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோதும் அவருடைய இலச்சினை அதுவே.

யோசப் ராட்சிங்கர் 1977இல் ஜெர்மனியின் மியூனிக்-ஃபிரைசிங் பேராயரானார். அவருடைய கேடயத்தில் முதுகில் மூட்டை சுமக்கும் ஒரு கரடி இருக்கும். புனித கொர்பீனியன் உரோமைக்குப் போகும் வழியில் அவருடைய பொதிக் குதிரையைக் கரடி ஒன்று கொன்றுவிட்டதாம். உன் குற்றத்துக்கு நீயே சும என்று புனிதர் அந்தக் கரடியின் முதுகில் பொதியை ஏற்றினாராம். பழைய ஃபிரைசிங் மறைமாவட்டத்தின் அந்தக் கதையை ராட்சிங்கர் தம் வாழ்க்கையாகவே எடுத்துக்கொண்டார். இறையியல் பேராசிரியராக நூல்களோடு இருக்க விரும்பியவர்மேல் பொறுப்புகள் ஏறிக்கொண்டே போயின. 2005இல் பதினாறாம் பெனடிக்ட் ஆனபோது, திருத்தந்தையரின் இலச்சினைக்கு மேல் வழிவழியாக இருந்த மூவடுக்கு மணிமுடியை எடுத்துவிட்டு ஆயரின் தலையணியை வைக்கச் செய்தார். சுமை தூக்கும் விலங்கைக் கேடயத்துக்குள் வைத்தவர் அரச முடியை வெளியே விட்டதில் வியப்பில்லை.

மூன்றாமவர் ஹோர்கே பெர்கோலியோ. 1992இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸ் துணை ஆயர். நீலக் கேடயத்தில் இயேசு சபையின் கதிர்வீசும் சூரியன், அதற்குள் இயேசுவின் பெயர்ச் சுருக்கம், மூன்று ஆணிகள். கீழே மரியாவுக்கு ஒரு நட்சத்திரம், யோசேப்புக்கு ஒரு நார்து மலர்க்கொத்து. தென்னமெரிக்காவில் யோசேப்பின் திருவுருவம் இந்த மலரை ஏந்தியிருக்கும். 2013இல் அவர் திருத்தந்தையானதும் வெளியான முதல் வடிவத்தில் நட்சத்திரத்துக்கு ஐந்து முனைகள். சில நாள்களில் அது எட்டு முனைகளாகத் திருத்தப்பட்டது. மலர்க்கொத்தைத் திராட்சைக் குலை என்று எண்ணியவர்களும் உண்டு. பார்ப்பவருக்கு விளக்கம் தராவிட்டால் சின்னம் வேறொன்றைப் பேசத் தொடங்கிவிடும் என்பதற்கு இது சான்று. அவருடைய விருதுவாக்கு, வரிதண்டிய மத்தேயுவை இயேசு அழைத்ததைப் பற்றிப் புனித பீடு ஆற்றிய மறையுரையிலிருந்து வந்தது. இரக்கத்தோடு நோக்கித் தேர்ந்துகொண்டார் என்பது அதன் கருத்து. 1953இல் மத்தேயு திருநாளன்று, பதினாறு வயதில், ஒப்புரவு அருளடையாளம் பெறச் சென்றபோது தமக்குக் கிடைத்த அழைப்பை அவர் அதில் வைத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் திருத்தந்தையாக அவர் மீண்டும் மீண்டும் பேசியது இரக்கத்தைப் பற்றியே. சொன்ன வாக்கும் நடந்த வாழ்வும் பொருந்தியதால்தான் அந்தக் கேடயத்துக்கு மதிப்பு.

5. கொங்கு நாட்டின் முதல் ஆயர்

இனி நம் மண்ணுக்கு வருவோம். வெள்ளலூர்க் காசுகள் கிடைத்த அதே 1842இல் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்கு வந்து இறங்கினார் ஓர் இளம் குரு. பாரிஸ் அயல்நாட்டு மறைபணிச் சபையைச் சேர்ந்த மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக். தென்பிரான்சின் கஸ்தெல்நோதரியில் 1813இல் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். குடும்பப் பெயரே உயர்குடிப் பிறப்பைச் சொல்லும். 1846 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை, செபமாலை அன்னையின் திருநாளை ஒட்டி, கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 17ஆம் நூற்றாண்டிலிருந்தே கொங்குக் கிறிஸ்தவத்தின் தாய்த்தலமாக விளங்கும் ஊர் அது. 1850இல் புதுச்சேரியிலிருந்து கோவை தனி மறைப்பணித் தளமாகப் பிரிக்கப்பட்டபோது அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. இன்று பெரிய கடை வீதியில் நிற்கும் புனித மிக்கேல் பேராலயத்தைத் தொடங்கியவரும் அவரே.

வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே எண்ணம். இந்நாட்டுத் திருஅவை இந்நாட்டுக் குருக்களாலும் ஆயர்களாலும் நடத்தப்பட வேண்டும். 1844ஆம் ஆண்டுப் புதுச்சேரிச் சங்கம் அதை வலியுறுத்தியது. 1845இல் உரோமையிலிருந்து வந்த அறிவுறுத்தலும் அதையே ஆதரித்தது. நடைமுறையில் தடைகள் மலையாக நின்றன. சாதி வழக்கங்களோடு பின்னியிருந்த மலபார்ச் சடங்குகள் பற்றிய கருத்து வேறுபாடும் அவருடைய மனச்சான்றை உறுத்தியது. 1854இல் கோவையை விட்டு உரோமைக்குச் சென்றார். அடுத்த ஆண்டில் பதவி விலகல் ஏற்கப்பட்டது. 1856 டிசம்பர் 8 அன்று லியோனில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையை நிறுவினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃபிரீடவுனில் இறங்கி, ஆறே வாரத்தில், ஜூன் 25 அன்று மஞ்சள் காய்ச்சலில் உயிர்நீத்தார். 2020இல் திருஅவை அவரை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தியது.

இலச்சினை பற்றிய உரையில் இந்த வரலாறு ஏன்? குடும்பக் கேடயத்தோடு பிறந்த ஒருவர், தாம் கொடுத்த வாக்கைப் பதவியைவிடப் பெரிதாக வைத்தார் என்பதால். கோவையின் பதவி கழன்ற பிறகும் அந்த வாக்கு கழலவில்லை. அது காலம் தாழ்ந்து நிறைவேறியது. 1886 செப்டம்பர் 1 அன்று கோவை முழு மறைமாவட்டமானது. 1923இல் தூத்துக்குடியில் இந்நாட்டவரான திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை ஆயரானார். 1940இல் உபகாரசாமி பெர்னதோத் ஆண்டகை கோவையின் முதல் இந்திய ஆயரானார். 1850இலிருந்து எண்ணினால் 90 ஆண்டுகள்.

திருஅவையும் அதே திசையில் நடந்தது. 1951இல் ஆயர்கள் தம் இலச்சினையில் பிரபுப் பட்டங்களையும் உயர்குடி முடிகளையும் பயன்படுத்தக்கூடாது என்று உரோமை ஆணையிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969 மார்ச் 31 அன்று வந்த அறிவுறுத்தல், தலையணியையும் செங்கோலையும் இலச்சினையிலிருந்து நீக்கியது. வடிவம் எளிமையாகவும் தெளிவாகவும் இருக்கட்டும் என்றது. சிவப்புத் தொப்பியை அணியும் வழக்கமும் அப்போது முடிந்தது. உயர்குடிப் பிறப்பு போயிற்று, ஆடம்பரம் போயிற்று. எஞ்சி நிற்பவை கேடயமும் வாக்கும்.

6. நொய்யலை வரைந்தால்

நம் நாட்டு ஆயர்கள் பலரின் கேடயங்களில் தாமரை, குத்துவிளக்கு, திறந்த நூல், புறா ஆகியவற்றைக் காணலாம். நல்ல சின்னங்களே. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கேடயத்தில் அடைத்தால் சந்தைக் கூட்டத்தில் பேசும் குரலாகிவிடும், எதுவும் காதில் விழாது. தேர்ந்தெடுப்பதில்தான் வாக்கு இருக்கிறது.

கொங்கு நாட்டுக்கு ஓர் இலச்சினை எண்ணிப் பார்ப்போம். பேராலயத்தின் காவலர் மிக்கேல் அதிதூதரின் கையில் உள்ள தராசை வைக்கலாம். எடையும் அளவும் நாள்தோறும் புழங்கும் கடைவீதியில் நிற்கும் பேராலயத்துக்கு அதைவிடப் பொருத்தமான சின்னம் இல்லை. வைத்தவர் நேர்மையான கணக்குக்கு வாக்களிக்கிறார். தம் மறைமாவட்ட நிறுவனங்களின் கணக்கும் அதில் அடங்கும்.

காங்கேயம் காளையை வைக்கலாம். நுனிகள் ஒன்றையொன்று தொட வரும் அந்தக் கொம்புகளை வரையக் கையுள்ள ஓவியனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? கிறிஸ்தவ மரபில் காளை நற்செய்தியாளர் லூக்காவின் சின்னம். ஏழைகள் பக்கம் நின்று எழுதியவர் அவர். அந்தக் காளையை ஏற்றவர் வானம் பார்த்த பூமியின் உழவருக்குக் கடன்படுகிறார்.

பருத்தியை வைக்கலாம். 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியதிலிருந்து கோவையை வளர்த்தது பஞ்சு. அதே பஞ்சுதான் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை ஆலை விடுதிகளில் அடைத்து வைத்து வேலை வாங்கிய வரலாற்றையும் சுமக்கிறது. வெண்பருத்தி கேடயத்தில் பூத்தால், அந்தப் பெண்களுக்காகவும், இன்று திருப்பூருக்கு வேலை தேடி வரும் வடமாநிலத் தொழிலாளருக்காகவும் பேசும் கடமை கூடவே பூக்கிறது.

நொய்யலை வைக்கலாம். ஆற்றை வரைய இந்தக் கலையில் அழகான வழி உண்டு: வெள்ளியும் நீலமும் மாறி மாறி வரும் அலைக்கோடுகள். வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் பிறந்து, பேரூரைத் தொட்டு, திருப்பூர் வழியாகக் காவிரியில் சேரும் ஆறு. சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிப் பாசனத்தையே பாழாக்கியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் இந்த அவை அறியும். வெள்ளியும் நீலமுமாக நொய்யலை வரையும் ஆயர், அந்த ஆறு அந்த நிறத்தில் ஓட வேண்டும் என்று கையெழுத்திடுகிறார். உழவரின் வயலையும் சாயப்பட்டறைத் தொழிலாளியின் அடுப்பையும் சேர்த்தே எண்ண வேண்டிய கடினமான வாக்கு அது.

ஆக, மண்ணின் உருவத்தை வைத்தால் மட்டும் போதாது. அந்த உருவம் என்ன கேட்கிறது என்று தெரிந்து வைக்க வேண்டும்.

7. மூன்று வேண்டுகோள்கள்

முதலாவது ஆயர்களுக்கும் அவர்களுக்கு இலச்சினை அமைப்பவர்களுக்கும். இரண்டு மூன்று உருவங்களோடு நிறுத்துங்கள். விருதுவாக்கு இலத்தீனில் இருக்கட்டும், பக்கத்திலேயே நல்ல தமிழும் இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அதன் விளக்கம் எளிமையாக இருக்கட்டும்.

இரண்டாவது பங்குத்தந்தையருக்கும் மறைக்கல்வி ஆசிரியருக்கும். புதிய ஆயர் பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே ஒவ்வொரு பங்கிலும் அந்தக் கேடயத்தை மக்களோடு சேர்ந்து வாசியுங்கள். பிள்ளைகள் வண்ணம் தீட்டட்டும், பெரியவர்கள் கேள்வி கேட்கட்டும்.

மூன்றாவது நமக்கு. ஆயரின் பணியாண்டு நிறைவு விழாக்களில் பொன்னாடை போர்த்துகிறோம், மலர் வெளியிடுகிறோம். அந்த மலரின் முதல் பக்கத்தில் இலச்சினையை அச்சிட்டு, அடுத்த பக்கத்தில் அதன் ஒவ்வொரு உருவத்துக்கும் நேராக என்ன நடந்தது என்று எழுதுவோம். தராசு இருந்தால் கணக்கு, பருத்தி இருந்தால் தொழிலாளர், ஆறு இருந்தால் ஆறு. இது ஆயருக்கு எதிரான செயலாகாது. அவர் விரும்பித் தேர்ந்த சொற்களை மதித்து, அவற்றைக் காக்க அவரோடு கைகோக்கும் செயல். வாக்கை நினைவூட்டும் மக்கள் இல்லாவிட்டால் எவ்வளவு நல்லவரின் கேடயமும் வெறும் தாள்தலைப்பாகச் சுருங்கிப்போகும்.